எழுதும் வேகம் பற்றி எனக்குச் சொல்ல வந்தவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் எடிட்டர்கள் மூன்று பேரும் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் புகார் சொல்ல வந்த பிள்ளைகள் மாதிரி, ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவர்.

"ஸ்டோரேஜ் திணறுதும்மா. படம் நின்னு நின்னு ஓடுது."

"ஓடுறதே பெரிசு" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

சொன்னது நியாயம்தான். படங்களைச் சேமிக்கும் பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்குகளுக்கு வயதாகிவிட்டது. வாசிக்கச் சொன்னால் எப்படியோ வாசித்துவிடுகின்றன. எழுதச் சொன்னால்தான் முனகல். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்தால், உள்ளே இருக்கும் முள் இவரிடம் ஓடுவதா அவரிடம் ஓடுவதா என்று அலைந்தே பொழுதைக் கழித்துவிடுகிறது.

தம்பியிடம் போனேன். ஸ்டூடியோ அவனுடையது. டேப்புகளுக்குச் சீட்டு ஒட்ட ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டான். அன்றிலிருந்து இன்றுவரை இங்கே பதிவான ஒவ்வொரு படத்தையும் பத்திரமாக வைத்திருப்பது நான். "தட்டு சுத்துற காலம் போச்சுடா. தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வாங்கணும்" என்றேன்.

"பாக்கலாம்க்கா" என்றான். ஸ்டூடியோவுக்கு அதையே பெயராக வைத்திருக்கலாம்.

மார்ச் 4, புதன்

பார்க்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மாப்பிள்ளை ஒரு வேலை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். தம்பியின் மூத்த மகளைக் கட்டியவர். கல்யாணத்துக்கு மறு வாரமே 'வணிக வளர்ச்சி இயக்குநர்' என்று அட்டை அடித்துக்கொண்டார். வளர்ந்தது இதுவரை அட்டையின் தடிமன் மட்டும். இந்த முறை நிஜமாகவே வேலை வந்திருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன், நான் ஒன்றும் நியாயம் கெட்டவள் இல்லை.

நாடகப் பதிவு. நாற்பது வருஷமாக மேடையில் நிற்கும் ஒரு பெரியவர் கடைசியாக ஒரு தடவை நடிக்கிறார். பன்னிரண்டு கேமரா. எல்லாம் வாடகைக் கேமரா, உள்ளே கார்டு கிடையாது. பன்னிரண்டு படமும் கம்பி வழியாக நேரே நம் பெட்டிக்கு வந்து ஒரே நேரத்தில் எழுதப்பட வேண்டும். பெட்டியை வேனில் ஏற்றி அரங்கத்துக்கே கொண்டுபோக வேண்டும். இதற்கெல்லாம் முடியும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் மாப்பிள்ளை. யாரைக் கேட்டுக் கொடுத்தார்? கேட்டால் சிரிக்கிறார்.

"நம்ம பெட்டிக்கு அது முடியாதுன்னா விட்டுடலாம் ஆன்ட்டி. வாடகைக்கு எல்லாம் கிடைக்குது. நம்ம ஃபைல்களையும் எங்கயாவது வாடகைக்கு வச்சுட்டா அந்த ரூம் காலியாகும். க்ளையன்ட் வந்தா உக்கார ஒரு லவுஞ்ச் போடலாம். சோஃபா, காபி மெஷின்..."

என் அறையில் காபி மெஷின். ஆன்ட்டியாம். நான் எப்போது இவருக்கு ஆன்ட்டியானேன்? வீட்டில் அத்தை, வாசல் தாண்டினால் ஆன்ட்டி.

என் தம்பி வாழ்நாளில் முதல்முறையாக ஒரு முடிவு எடுத்தான், அதுவும் என் தலைமேல்: "டிரைவ் வாங்கறதை அக்காகிட்டயே விடறேன். ரெக்கார்டிங் ஒழுங்கா முடிஞ்சா ரூம் அக்காவோடது. அப்புறம் யாரும் அதைப் பத்திப் பேசக் கூடாது. சொதப்பினா மாப்பிள்ளை சொல்றபடி லவுஞ்ச்."

"சரி" என்றேன். "சோஃபாவுக்கு இப்பவே அளவு எடுத்துராதீங்க மாப்பிள்ளை" என்றும் சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

கடைக்காரர் கண்ணாடி மேஜையின் மேல் மூன்று டிரைவ்களை வரிசையாக வைத்தார்.

முதலாவதின் முதுகில் தங்க நிறத்தில் தகடு, தகட்டில் பல்லைக் காட்டும் ஒரு மிருகம். விளையாட்டுப் பிள்ளைகள் வாங்குவது. மாப்பிள்ளைக்கு மிகவும் பிடிக்கும், ஆகையால் வேண்டாம்.

இரண்டாவது கனமாக, சாம்பல் நிறத்தில், பார்க்கவே சலிப்பாக இருந்தது. அட்டையில் போட்டிருந்த எழுதும் வேகம் மற்ற இரண்டையும்விடக் குறைவு. விலை மட்டும் கூடுதல். "பெரிய பெரிய சர்வர்லாம் இதைத்தாம்மா போடுறாங்க. எழுதுறதுன்னா இதான்" என்றார். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் "எழுதுறதுன்னா இதான்." கடைக்காரர் எதை இரண்டு முறை சொல்கிறாரோ அது அவர் அலமாரியில் தங்கிப்போன சரக்கு. இந்த விதியை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

மூன்றாவது மெலிசு. கொள்ளளவு நிறைய. அட்டையில் வேகமும் நிறைய. கடைக்காரர் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது.

தங்கத்தகடும் மெலிசும் சோதித்துப் பார்க்க இரவல் தருவதாகச் சொன்னார். கனமானதைத் தர முடியாதாம், இருப்பே கொஞ்சம்தானாம். பார்த்தாயா?

மார்ச் 10, செவ்வாய்

எடிட்டர்களில் ஒருவன், தாடிக்காரன், "யாராவது தெரிஞ்சவங்களைக் கேட்டு வாங்கலாமேம்மா" என்றான்.

தெரிந்தவர்கள். நான் எட்டாவதோடு நின்றவள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கட்டடத்தில் கையேட்டை அட்டை முதல் அட்டைவரை வாசிக்கிறவர் என்னைத் தவிர யார்? இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டி நின்றால் அணைத்துப் போடுவது. அணைத்துப் போட்டுவிட்டு, 'பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று மின்னஞ்சல் வேறு.

மார்ச் 12, வியாழன்

சோதனை முடிந்தது. மனம் குளிர்ந்துவிட்டது.

என் முறை எளிமையானது. மிகப் பெரிய கோப்பு ஒன்றை உண்டாக்கி, அதைப் பெட்டியில் எழுதச் சொல்லி, எவ்வளவு வேகம் என்று பார்ப்பேன். கோப்புக்குள் வெறும் பூஜ்ஜியங்கள். ஹார்ட் டிஸ்க் காலத்திலிருந்து இப்படித்தான். தட்டுக்குப் பூஜ்ஜியமும் ஒன்றுதான், புராணமும் ஒன்றுதான். எதை எழுதினாலும் அதே உழைப்பு.

தங்கத்தகடு நன்றாக ஓடியது. மெலிசு அதைவிட ஒரு படி மேலே ஓடியது. எவ்வளவு என்றால், அதைச் செய்த கம்பெனிக்காரனே அட்டையில் போடத் துணியாத வேகம்! இதற்குப் பெட்டியை நான் அமைத்து வைத்திருக்கும் விதமும் ஒரு காரணம். எந்தக் கோப்பு வந்தாலும் சுருக்கி எழுதும் வசதியைப் போன வருஷம் கையேட்டைப் பார்த்து நானேதான் இயக்கிவைத்தேன். ஒருவரும் பாராட்டவில்லை.

முடிவைத் தாளில் அச்சடித்து, ஒன்றை என் சுவரில் ஒட்டி, இன்னொன்றை மாப்பிள்ளையின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

எட்டு மெலிசு வாங்கியாயிற்று. கடைக்காரர் கட்டும்போது கேட்டார்: "எழுதுறதுக்காம்மா, படிக்கறதுக்காம்மா?"

"ரெண்டுக்கும்."

"இல்ல, எழுதறது அதிகம்னா..."

"கட்டுங்க."

"பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டேம்மா."

"நான் எதையும் திருப்பிக் கொடுக்கற ஆள் இல்லை" என்றேன். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். நல்ல வார்த்தை சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

மார்ச் 16, திங்கள்

புது டிரைவ்கள் பெட்டிக்குள் போய்விட்டன. எடிட்டர்கள் வாயைத் திறக்கவில்லை. படம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது.

தம்பியின் இளைய மகள் வந்து சேர்ந்தாள். சின்னவள். வெளியூரில் பெரிய டேட்டா சென்டர் ஒன்றில் வேலை. அங்கே சேமிப்புப் பெட்டிகள் வரிசை வரிசையாக நிற்குமாம், இவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுவே நடப்பாளாம். வேலையை விட்டுவிட்டாள். "நடந்தது போதும் அத்தை" என்கிறாள். அவளை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் தம்பி வரவேற்பு மேஜையில் உட்காரவைத்திருக்கிறான், போன் எடுக்க.

மார்ச் 18, புதன்

சின்னவள் மத்தியானம் என் அறைக்கு வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த என் சோதனைத் தாளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பாராட்டப்போகிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் பார்!

"அத்தை, எதை எழுதிப் பாத்தீங்க?"

"கோப்பு."

"கோப்புக்குள்ள என்ன?"

"பூஜ்ஜியம்."

"சுருக்கி எழுதறது ஆன்ல இருக்கா?"

"நான்தானே ஆன் பண்ணேன். உங்கப்பனா வந்து பண்ணான்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். டாக்டர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

"அப்ப டிரைவுக்கு எதுவுமே போகலை அத்தை. பெட்டி பாத்திருக்கு, எல்லாம் பூஜ்ஜியம். 'இத்தனை பூஜ்ஜியம்'னு ஒரு வரி குறிச்சு வச்சுட்டு, எழுதி முடிச்சாச்சுன்னு சொல்லிருச்சு. கம்பெனிக்காரனே சொல்லாத வேகம் வேற எப்படி வரும்?"

"அப்ப அது சும்மாவா உக்காந்திருந்துச்சு?"

"சும்மாதான்."

சும்மா உட்கார்ந்துகொண்டு முடித்துவிட்டேன் என்று சொல்ல இந்த ஸ்டூடியோவில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். எட்டுப் பேரைக் கூடுதலாக நானே விலை கொடுத்து வாங்கிவந்திருக்கிறேனா?

என்ன பேச்சு இது. நேத்து வந்தவ. இவ பிறக்கறதுக்கு முன்னாடி நான் டேப்பு பாத்தவ, டிஸ்கு பாத்தவ, இவளைத் தூக்கி வச்சுக்கிட்டே ஒரு கையால கேபிள் மாட்டினவ. எனக்கு வந்து பூஜ்ஜியம் சொல்லித் தர்றா.

"வெளியில போன் அடிக்குது, போய் எடு" என்றேன்.

போன் அடிக்கவில்லை. ஆனாலும் எழுந்து போனாள். வாசலில் நின்று, "அப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன் அத்தை. ஒரு தடவை நிஜப் படத்தை எழுதிப் பாருங்க, நிறுத்தாம" என்றாள்.

மார்ச் 19, வியாழன்

அவள் சொன்னது தவறு.

மார்ச் 20, வெள்ளி

அவள் சொன்னது தவறு என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சுருக்கும் வசதியை அணைத்தேன். பன்னிரண்டு கேமராவுக்கு ஈடாகப் பழைய படங்களைச் சேர்த்து, ஒரே சமயத்தில் எழுதவிட்டேன்.

ஆரம்பத்தில் பிரமாதம். சின்னவளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்தேன்கூட. நல்லவேளை, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாப்பிடப் போனவர்கள் திரும்பி வந்து, கை துடைத்து, நாற்காலிகளில் சாய்ந்த நேரத்தில், வேகம் இறங்கியது. இறங்கியது என்றால் படிப்படியாக இல்லை. மாடியிலிருந்து பாத்திரம் விழுந்த மாதிரி. கேமரா பன்னிரண்டு என்றால் மூன்றைத்தான் தாங்கும் போலிருந்தது.

மெலிசு டிரைவின் கையேட்டை முழுதாக வாசித்தேன். வாங்குமுன் வாசிக்கவில்லை, சோதனைதான் அவ்வளவு அழகாக வந்திருந்ததே. உள்ளே முன்கூடம் மாதிரி ஒரு வேகமான பகுதி இருக்கிறதாம். வருவதை எல்லாம் முதலில் அங்கே வாங்கிப் போடும். ஓய்வு கிடைக்கும்போது மெதுவாக உள்ளறைக்குக் கொண்டுபோய் நெருக்கி அடுக்கும். ஓய்வு கொடுக்காமல் எழுதிக்கொண்டே போனால் முன்கூடம் நிறைந்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றையும் உள்ளறையிலேயே நெருக்கி அடுக்க வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் வேகம் முன்கூடத்தின் வேகம். உள்ளறையின் வேகத்தை எந்த அட்டையிலும் போடவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு வாசல் அறையை மட்டும் காட்டி அனுப்புகிற வீடு.

மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே இடத்தில் விழுந்தது.

தங்கத்தகடாவது பல்லைக் காட்டியது. இது வாயை மூடிக்கொண்டே ஏமாற்றிவிட்டது.

மார்ச் 21, சனி

யோசித்துப் பார்த்தேன். இடைவேளை இருக்கிறது. இடைவேளையில் எழுதுவது நிற்கும், முன்கூடம் கொஞ்சம் காலியாகும். கேமராவின் தரத்தை ஒரு படி இறக்கிவைத்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். தாங்கினாலும் தாங்கலாம். தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அவளும். அவள் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். சொன்னால் அறை போவது நிச்சயம். சொல்லாவிட்டால் போகலாம், போகாமலும் இருக்கலாம். நான் ஏன் சொல்லணும்? மாப்பிள்ளை எப்பவாவது எதையாவது ஒத்துக்கிட்டிருக்காரா?

இதை எல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது நாடகக்காரர் வந்துவிட்டார். மாப்பிள்ளை ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார், தானே கட்டியது போல. "இதான் சார் எங்க கோர் இன்ஃப்ரா, முதுகெலும்பு மாதிரி" என்றார் என் அறையைக் காட்டி. கோர் இன்ஃப்ராவைத்தான் அடுத்த மாதம் சோஃபாவாக்கப் போகிறார்.

பெரியவருக்கு முழங்கால் வலி. என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார்.

"இதுக்குள்ளதான் நான் இருக்கப்போறேனாம்மா?"

"ஆமாங்க."

"சின்னதா இருக்கே."

"உங்களுக்குப் போதும்" என்றேன். சிரித்தார். நன்றாகச் சிரிக்கிற மனிதர்; நாற்பது வருஷம் காசுக்கு அழுதவர்கள் அப்படிச் சிரிப்பார்கள் போலிருக்கிறது.

எழுந்திருக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "முன்னாடி எங்கயாவது கொஞ்சம் போனாக்கூடப் பரவாயில்லம்மா. கடைசிக் காட்சி மட்டும் பத்திரம். அது ஒண்ணுக்காகத்தான் மத்ததையெல்லாம் நடிக்கறேன். இன்னொரு தடவை இந்தக் காலு நிக்காது."

கடைசிக் காட்சி. முன்கூடம் நிறைந்தபிறகு வருவது.

மார்ச் 22, ஞாயிறு

ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தேன். தேய்க்கத் தேவையில்லாதவற்றையும்.

மார்ச் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் எல்லோரும் தம்பியின் அறையில் இருந்தார்கள். சின்னவள் கூரியர் கையெழுத்துக்காக வாசலில் நின்றாள். நான் உள்ளே போய் நின்றபடியே, "அந்த எட்டு டிரைவும் இந்த வேலைக்கு உதவாது" என்றேன்.

தம்பி பேனாவை வைத்தான். "யாருக்கா வாங்கினது?"

"நான்."

"யாரு டெஸ்ட் பண்ணது?"

"நான்."

"இப்ப யாரு உதவாதுங்கறது?"

"நான்தான்டா. வேற யாருக்கு இங்க அது தெரியும்?"

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு திங்கட்கிழமை வரும் என்று அவருக்கு யாரோ ஜாதகத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். "தாள்ல அவ்ளோ வேகம் போட்டிருந்தீங்களே ஆன்ட்டி?"

"அது பூஜ்ஜியத்தோட வேகம் மாப்பிள்ளை. உங்களுக்குப் பழக்கமான விஷயந்தான்."

தாடிக்காரன் இருமினான். இருமல் இல்லை அது. ஆனாலும் அந்த வார்த்தை அவர்மேல் பட்டதைவிட என்மேல்தான் அதிகம் பட்டது. சோதனை செய்தவள் நான். தாளை அச்சடித்து அவர் மேஜையில் வைத்தவளும் நான்.

"இப்ப என்ன பண்றது?" என்றான் தம்பி. அவன் முகம் சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையைத் தொலைத்துவிட்டு வந்தபோது இருந்த மாதிரி இருந்தது.

"சின்னவளைக் கேளு. எதை வாங்கணும், எப்படிப் பாக்கணும்னு அவ சொல்லுவா."

"யாரு, ரிசப்ஷனா?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா. ரிசப்ஷன்தான்."

சின்னவள் கூரியர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"அப்ப லவுஞ்ச்?" என்று கேட்டார் மனிதர். கூசாமல் கேட்டார். சோஃபாவுக்குத் துணி நிறம் பார்க்கும் அட்டை அவர் பைக்குள்ளேயே இருந்தது, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எடுத்துக்கோங்க" என்றேன். "நாடகம் முடியட்டும். அதுவரைக்கும் யாரும் உள்ள கால் வைக்காதீங்க."

சொல்லிவிட்டு வந்து என் அறையில் உட்கார்ந்தேன். சுவரில் ஒட்டியிருந்த சோதனைத் தாளைக் கிழித்துப் போட்டேன். கோபத்தில்தான்.

மார்ச் 25, புதன்

சின்னவளோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கனமான டிரைவை எடுத்துவந்து வைத்தார். 'எழுதுறதுன்னா இதான்' என்று மூன்றாம் முறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடையை விட்டு இறங்கியிருப்பேன்.

சின்னவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. டிரைவை நிறைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். கடைக்காரரின் கம்ப்யூட்டரிலேயே மாட்டி, கழுத்துவரை ஒரு தடவை நிரப்பி, அதன்மேலேயே மறுபடி எழுதவைத்தாள். காத்திருந்தோம். கடைக்காரர் இரண்டு தடவை காபி வாங்கிக்கொடுத்தார். வேகம் ஆரம்பத்தில் என்னவோ அதேதான் கடைசியிலும். அட்டையில் போட்ட குறைச்சலான வேகம், ஆனால் சொன்ன சொல் மாறவில்லை.

"புதுசா, காலியா இருக்கும்போது எல்லாம் நல்லாத்தான் எழுதும் அத்தை. நெறஞ்ச பிறகும் எழுதுதான்னு பாக்கணும்."

கனத்துக்கும் காரணம் உண்டாம். மின்சாரம் திடீரென்று போனாலும் கையில் வாங்கியதை எழுதி முடிக்கிற அளவுக்கு உள்ளே கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கிவைத்திருக்கிறது. அதனால் 'எழுதிவிட்டேன்' என்று உடனே சொல்லும் தைரியம் அதற்கு இருக்கிறது. மற்றவை ஒன்று நம்மைக் காக்கவைக்கின்றன, இல்லாவிட்டால் பொய் சொல்கின்றன.

கடையில் இருந்ததே நான்குதான். நான் வாயைத் திறக்குமுன் சின்னவள் கணக்குப் போட்டுவிட்டாள். நாடகத்தை இந்த நான்கும் எழுதட்டும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு டிரைவில், ஒன்று கெட்டால் இன்னொன்றில் இருக்கும்படி. பிறகு சாவகாசமாக மெலிசுகளுக்கு மாற்றிக்கொள்வோம். எடிட்டர்கள் அதிலிருந்து வாசிக்கட்டும். வாசிப்பதற்கு மெலிசு அருமையாம்.

எழுத வராதவர்களை வாசகர்களாக்குவது சரிதான். விமர்சகர்களாகிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மார்ச் 28, சனி

நாடகம். மேடைக்குப் பின்னால், திரைச்சீலை மூட்டைகளுக்கு நடுவே பெட்டி. பெட்டிமுன் சின்னவள். அவள் பின்னால் ஒரு முக்காலியில் நான். "நீங்க முன்னாடி உக்காருங்க அத்தை" என்றாள். "எனக்கு இங்கிருந்தே தெரியும்" என்றேன். தெரியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும்.

முதல் பாதி போனது. இடைவேளை போனது. பெரியவரின் குரல் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. நான் நாடகத்தைக் கேட்கவில்லை. எழுதும் வேகத்தைக் காட்டும் கோடு எப்போது விழும் என்று பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை போய்விட்டது, இனிமேல் எனக்கென்ன என்று இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

கடைசிக் காட்சியில் பெரியவர் மேடையில் முட்டி போட்டார். எழுந்திருப்பது நாடகத்தில் இருக்கிறது. அவர் எழுந்திருக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாரோ அவ்வளவு நேரமும் சபையில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் எழுந்து நின்றார்.

கைதட்டல். சின்னவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்ன பாக்கற? எழுதி முடிக்கட்டும்" என்றேன்.

ஒன்றுமே நடக்கவில்லை. இந்த வேலையில் ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் எல்லாம். மாப்பிள்ளை பெரியவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

மார்ச் 30, திங்கள்

பெரியவர் இன்னும் இரண்டு நாடகக் குழுக்களுக்கு நம் பெயரைச் சொல்லியிருக்கிறாராம். தம்பி என்னிடம் வந்து, தரையைப் பார்த்தபடி, "ரூம் இருக்கட்டும்க்கா, லவுஞ்ச் வேணாம்" என்றான். எனக்குள் ஏதோ எழுந்தது. அடுத்த வரியில் உட்காரவைத்துவிட்டான்: "சின்னவ பாத்துக்கட்டும். நீயும் கூட இரு."

நீயும் கூட இரு.

கறிவேப்பிலையா நான்? முப்பது வருஷம்டா. முப்பது வருஷமா ஒரு படம், ஒரே ஒரு படம் காணாம போயிருக்கா இந்த ரூம்ல? சொல்லியிருக்கணும் இதை. சொல்லலை. வாங்கினது யாருன்னு மறுபடி கேப்பான்.

சோஃபா வந்து இறங்கியது. மாப்பிள்ளை முன்பணம் கொடுத்துவிட்டாராம், கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அறை இல்லாததால் வரவேற்பில் போட்டிருக்கிறார்கள், சின்னவள் எழுந்த இடத்தில். மாப்பிள்ளைதான் அதில் உட்கார்ந்து போன் எடுக்கிறார். நன்றாக எடுக்கிறார். பொய் சொல்வானேன், அந்த வேலைக்கு அவர் பொருத்தம்.

ஏப்ரல் 2, வியாழன்

என் மேஜையை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். வெளிச்சம் அதிகம். அதைக் குறையாகத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 9, வியாழன்

ஒரு வாரமாகச் சின்னவள் என்னைக் கேட்காமல் எதையும் செய்யவில்லை. நான் எதற்கும் சரி என்று சொல்லவில்லை. வேலை நடக்கிறது.

ஏப்ரல் 22, புதன்

டிரைவ் கம்பெனியிலிருந்து விற்பனைக்காரர் ஒருவர் வந்தார். கழுத்துப்பட்டை, பளபளக்கும் தாள்கள். அறைக்குள் இரண்டு பேர் இருந்தோம். நரையைப் பார்த்து நேரே என்னிடம் வந்து, தாளை என் மேஜைமேல் விரித்துவிட்டார். "மேடம், எழுதும் வேகத்துல எங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது..."

நான் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

"அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்க சரின்னா வாங்குவோம்."

அவர் சின்னவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க பொண்ணுங்களா மேடம்?"

"ஸ்டோரேஜ் பாக்கறவங்க" என்றேன்.

சின்னவள் நிமிரவில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல் மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. விற்பனைக்காரர் அவள் பக்கம் போய், முதலிலிருந்து ஆரம்பித்தார். உட்கார நாற்காலி தேடினார். அறையில் காலியாக இருந்த ஒரே நாற்காலி என் பக்கத்தில்தான் இருந்தது. அதன்மேல் நான் என் பையை வைத்துக்கொண்டேன்.